அப்பாவை உட்கார வைத்த மீன்தொட்டி

எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல். பெங்களூரு அல்சூரில் வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. இடதுபக்கச் சுவரும் வலதுபக்கச் சுவரும் பக்கத்து வீட்டுக்காரர்களோடு பங்கு. காற்று, வெளிச்சம், தெருச் சண்டை, பூக்கார அக்காவின் குரல் எல்லாமே கிழக்கே பார்த்த அந்த ஜன்னல் வழியாகத்தான் உள்ளே வந்தாக வேண்டும். காலை வெயில் எதிர்வீட்டு மாடியைத் தாண்டியதும் நேராக அதற்குள்தான் விழும். அந்த இடத்தில் செடி வைத்த மீன்தொட்டியை வைக்காதே என்று மீன்கடைக்காரர் சொன்னார், மொபைலில் வீடியோ போடுகிறவர்கள் சொன்னார்கள், மீனைக் குழம்பில் மட்டுமே பார்த்திருக்கிற என் நண்பர்களும் சொன்னார்கள். வெயில் பட்டால் பாசி பிடிக்குமாம்.

பிடிக்கும் என்று எனக்கும் தெரியும். வீடு வீடாகப் போய் ஆர்.ஓ. தண்ணீர் மெஷின் ரிப்பேர் செய்கிறவன் நான். பத்தாவது பரீட்சையோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றுவிட்டது. ஆனால் தண்ணீர் விஷயத்தில் எனக்குப் பாடம் எடுக்க இனிமேல்தான் ஒருத்தன் பிறந்து வரவேண்டும் என்ற நினைப்பு எனக்கு உண்டு. அதனால் தெரிந்தேதான் வைத்தேன். வேறெங்கும் வைக்கவும் முடியாது. அப்பா அந்த ஜன்னலோரம்தான் உட்காருவார். அவரை உட்கார வைப்பதற்காகத்தான் தொட்டியே.

அப்பாவுக்குச் சர்க்கரை. பீன்யாவில் ஒரு பட்டறையில் காலம் முழுக்க மெஷின் முன்னால் நின்றே வேலை பார்த்தவர். இடது பாதத்தில் பெருவிரலுக்குக் கீழே ஒரு கொப்புளம் வந்து, அது புண்ணாகி, புண் குழியாகிவிட்டது. அந்தக் காலுக்கு வலியே தெரியாது என்பதால் அவரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். அந்தப் பாதத்தை ஊன்றக் கூடாது. ஊன்றாமல் இருந்தால் சதை வளர்ந்து மூடிக்கொள்ளும். ஊன்றி நடந்தால் புண் எலும்பைத் தொடும். தொட்டால் விரலை எடுக்க வேண்டும். விரலோடு நின்றுவிடும் என்று அவர் சொல்லவில்லை.

இதைக் கேட்டு நானும் அம்மாவும் பயந்தோம். பயப்பட வேண்டியவர் பயப்படவில்லை. சாயங்காலம் ஆனால் போதும், அவருக்குத் தெருமுனை டீக்கடைக்குப் போயாக வேண்டும். அவருடைய கூட்டாளிகள் ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு அங்கே கூடுகிற நேரம் அது. அம்மா அவர் செருப்பை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அவர் வெறுங்காலோடு கிளம்பிவிட்டார். மறுநாள் அம்மாவே செருப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

அந்த வாரம் இந்திரா நகரில் ஒரு ஃபிளாட்டுக்கு ஆர்.ஓ. பார்க்கப் போனேன். ஒரு இடத்தில் நிற்காத இரண்டு வயசுக் குழந்தையை மீன்தொட்டி முன்னால் உட்கார வைத்திருந்தார்கள். அது அசையாமல் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. எனக்கு உடனே அப்பா ஞாபகம்தான் வந்தது. ஊரைவிட்டுப் போகிற இன்னொரு கஸ்டமர் தன் பழைய தொட்டியைத் தூக்கிப் போட இருந்தார். வாங்கிக்கொண்டு வந்தேன். மணல் போட்டு, ரிப்பன் மாதிரி நீளமாக வளரும் செடி நட்டு, கப்பி மீன்களும் கருப்பு மாலி மீன்களும் விட்டேன்.

"எனக்கு எதுக்குடா இது? நான் இன்னா எல்.கே.ஜி. புள்ளையா?" என்றார் அப்பா.

"எல்.கே.ஜி. புள்ளைங்க சொன்னா கேட்டுக்கும் பா. உன்ன நர்சரியிலதான் சேக்கணும்."

திட்டினாரே தவிர, நாற்காலியைத் தொட்டிப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். காலை ஸ்டூல் மேல் தூக்கி வைத்துக்கொண்டார். தொட்டிக்குப் பின்னால் ஜன்னல், ஜன்னலுக்குப் பின்னால் தெரு. தண்ணீர் வழியாகப் பார்த்தால் ஆட்டோக்கள் செடிக்குள் புகுந்து போகும். ஸ்கூல் பிள்ளைகள் மீனோடு மீனாக நீந்திப் போவார்கள். இரண்டே நாளில் மீன்களுக்கெல்லாம் பதவி கொடுத்துவிட்டார். எல்லாரையும் துரத்துகிற பெரிய கருப்பு மாலிதான் வீட்டு ஓனர். துரத்தப்படுகிற சின்னக் கப்பி வாடகைக்கு இருப்பவன். சாயங்காலம் வந்தது, போனது. அப்பா எழுந்திருக்கவே இல்லை. அம்மா சமையலறையிலிருந்து என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். நான் ஆசீர்வாதம் செய்தேன். கரண்டி பறந்து வந்தது.

சில வாரம்தான். அப்புறம் தண்ணீர் பச்சையானது.

முதலில் கண்ணாடியில் மெலிசாகப் பொடி பூத்தது. பிறகு செடி இலைகளில் பச்சை மயிர் மாதிரி ஒன்று தொங்கியது. அப்புறம் தண்ணீரே இளம் பச்சை, நல்ல பச்சை, கடைசியில் அரைத்த கொத்தமல்லிச் சட்னி. தெருவில் போகிற பூக்கார அக்கா ஜன்னலை எட்டிப் பார்த்து, "இன்னாண்ணா, பாலக் கீரை ஜூஸா? ஒரு கிளாஸ் குடுங்களேன்" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா காலை ஸ்டூலிலிருந்து இறக்கினார்.

"எங்கய்யா எழுந்திருக்கற?" என்றாள் அம்மா.

"மீனு தெரில. டீக்கடைக்குப் போனா மனுசங்களாவது தெரிவாங்க."

நான் குறுக்கே நின்றேன். நாளைக்குள் தண்ணீரைத் தெளிய வைக்கிறேன் என்று சொல்லி உட்கார வைத்தேன். அப்போதே எனக்குள் முடிவு கட்டிவிட்டேன். இந்தத் தொட்டி இந்த ஜன்னலை விட்டு நகராது. இந்தப் பாசி இந்தத் தொட்டியில் இருக்காது. எது முதலில் தோற்கிறது என்று பார்த்துவிடலாம்.

நாளைக்குள் தெளிய வைத்தது என்னவோ அம்மாதான். மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் குத்துவிளக்கு, சொம்பு, தட்டு எல்லாவற்றுக்கும் புளி போட்டுத் தேய்ப்பு உண்டு. அந்த வரிசையில் அம்மா தொட்டியையும் சேர்த்துக்கொண்டாள். மீனைக் குடத்தில் பிடித்து விட்டு, கூழாங்கற்களைப் புளியும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்து, மணலை அரிசி களைவது போலக் களைந்து, போர்வெல் தண்ணீர் நிரப்பி வைத்தாள். தொட்டி விளக்குக்குப் போட்டியாக மின்னியது. செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடி சட்னி.

நான் மொபைலில் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். மணலிலும் கல்லிலும் கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமி இருக்கிறதாம். மீனின் கழிவை அதுதான் அழிக்கிறதாம். மொத்தமாகக் கழுவினால் அதுவும் செத்துப்போய்ப் பாசிக்குத்தான் லாபமாம். அம்மாவிடம் விளக்கினேன்.

"கிருமி இருந்தாத்தான் சுத்தமா? உன்ன பெத்து ஸ்கூலுக்கு அனுப்பினதுக்கு இதுதான் கத்துக்கினு வந்தியா?"

"ஸ்கூல்ல இது சொல்லித்தரல மா. சொல்லித் தந்திருந்தா நான் பாஸாயிருப்பேன்."

வெள்ளிக்கிழமைக் கழுவலை நிறுத்தினேன். அதற்குப் பிறகு பாசி முன்னைவிட வேகமாக வந்தது. அம்மா தொட்டியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், புளியைப் பார்ப்பாள்.

அடுத்து, ஜன்னல் பக்கக் கண்ணாடியில் நியூஸ் பேப்பர் ஒட்டி வெயிலை மறைத்தேன். வேலைக்குப் போய்த் திரும்பினால் பேப்பர் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. "தெரு தெரியலடா" என்றார் அப்பா. அந்த ஓட்டை வழியாக வெயில் டார்ச் அடித்தது போல உள்ளே வந்து, அந்த இடத்தில் மட்டும் பாசி வட்டமாக வளர்ந்தது.

பிறகு என் தொழில் திமிரைக் காட்டினேன். போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதுதான் காரணம் என்று முடிவு செய்து, ஆர்.ஓ. தண்ணீரை கேன் கேனாகக் கொண்டுவந்து தொட்டியை நிரப்பினேன். பார்க்கக் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. செடிக்குத்தான் சத்து போய் இலையெல்லாம் வெளுத்தது. வெளுத்த இலை மேல் பாசி வசதியாக வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரில் எல்லோரும் குழாய்த் தண்ணீர் குடிக்கையில் பாசிக்கு மினரல் வாட்டர் வாங்கிக் கொடுத்து வளர்த்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

கடையில் ஒரு மருந்து கொடுத்தார்கள். ஊற்றினேன். தண்ணீர் தெளிந்தது. நான் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு தெருவில் நடந்தேன். மருந்தின் வேகம் தீர்ந்ததும் பாசி திரும்பி வந்தது, சொந்தக்காரனைக் கூட்டிக்கொண்டு. இந்த முறை கருப்பு நிறத்திலும் ஒரு வகை.

இவ்வளவுக்கும் அப்பா எப்படியோ நாற்காலியில்தான் இருந்தார். தண்ணீர் கொஞ்சம் தெளிந்தால் உட்காருவார்; கலங்கினால் முனகுவார்; நான் ஏதாவது புதிதாகச் செய்வேன், அதை வேடிக்கை பார்க்க உட்காருவார். என்னைக் கிண்டல் செய்வதற்காகவாவது உட்கார்ந்தார் என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

கடைசி ஆயுதமாக இருட்டடிப்பு. வெளிச்சமே இல்லாவிட்டால் பாசி செத்துவிடும், செடி மட்டும் சில நாள் தாங்கிக்கொள்ளும் என்று படித்தேன். தொட்டியை முழுசாகக் கம்பளியால் மூடிக் கட்டினேன். மூன்று நாள் யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

முதல் நாள் அப்பா கம்பளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் சாயங்காலம் நான் வண்டியை நிறுத்தும்போது வாசலில் ஒரு ஆட்டோ. அப்பாவின் டீக்கடைக் கூட்டாளி, வெள்ளைத் தாடி வைத்த பாய், அப்பாவைத் தோளில் தாங்கி இறக்கிக்கொண்டிருந்தார்.

"அரே பேட்டா, உங்கப்பா டீக்கடைக்கு நடந்து வந்துட்டாரு. உக்காந்து பேசிக்கினு இருக்காரு, கீழ பாத்தா தரையெல்லாம் ரத்தம். அவருக்குத் தெரியவே இல்ல. நான்தான் சொன்னேன், அண்ணே, உன் காலு அழுவுது, நீ சிரிச்சிக்கினு கீறேன்னு."

கட்டு முழுக்க நனைந்து செருப்பில் ஒட்டியிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவர் கன்னடக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"நடந்தது தப்பு. அது ஒண்ணு. ஆனா நடக்காம இருந்த நாள்லயும் சதை வளரவே இல்லையே? சாப்பாடு சரியா கொடுக்கறீங்களா? முட்டை வெள்ளை சொன்னேனே?"

"தினம் குடுக்கறேன் டாக்டர். மஞ்சக்கரு எடுத்துட்டு, வெள்ளை மட்டும். ரெண்டு முட்டை. சாமி சத்தியமா."

மஞ்சள் கருவெல்லாம் எங்கே போனது என்றால், என்னைப் பார்த்தாலே தெரியும். அந்த விஷயத்தில் நான் சாட்சி சொல்லலாம்.

டாக்டரம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "அடுத்த தடவை வர்றப்பவும் இப்படியே இருந்தா, விரலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தான் பட்டினி போட்டு வைத்திருப்பதாக டாக்டர் நினைத்துவிட்டார் என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அப்பா வழியெல்லாம் ஆட்டோவின் கூரையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கம்பளியைக் கழற்றினேன். பாதித் தெளிவு, அடியில் செத்த பாசி சேறாகப் படிந்திருந்தது. அதை உறிஞ்சி எடுக்க, ஆர்.ஓ. மெஷினுக்குப் போடுகிற வெள்ளைக் குழாயை உள்ளே விட்டு, மறுமுனையைப் பக்கெட்டில் போட்டேன். கொஞ்ச நேரம் சேறு வந்தது. திடீரென்று நின்றுவிட்டது. அடைப்பு. குழாயை வெளியே எடுத்துப் பார்த்தால், முனையில் வெள்ளையாக, கொழகொழவென்று, ரப்பர் மாதிரி என்னவோ. கையை விட்டுச் செடிக்குப் பின்னால் துழாவினேன். இன்னும் கொஞ்சம். அப்புறம் ஒரு பெரிய துண்டு, கிண்ணம் போல வளைந்து, நடுவில் குழி. ஒரே அழுகல் நாற்றம்.

"அம்மா, இங்க வா. தொட்டியில இன்னாவோ முட்டை போட்டிருக்குது."

அம்மா வந்து என் உள்ளங்கையைப் பார்த்தாள். குனிந்து மறுபடி பார்த்தாள்.

"மீனு எங்கடா இவ்ளோ பெரிய முட்டை போடும்? இது நான் அவிச்ச முட்டை."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் கத்தியால பொளந்தது எனக்குத் தெரியாதா? இதே மாதிரி வெள்ளிக்கிழமை கழுவறப்பவும் கொழகொழன்னு வரும். மீனு பீன்னு நெனச்சி அள்ளிக் கொட்டினேன்."

இரண்டு பேரும் சேர்ந்து ஜன்னலோரம் திரும்பினோம். அப்பா ரொம்ப அக்கறையாகத் தன் கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாய்யா" என்றாள் அம்மா. குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். "டாக்டரு எதிர்ல என் மானம் போச்சு. முட்டைய எங்க போட்ட?"

"எல்லாத்தையும் போடல."

"எவ்ளோ போட்ட?"

"கொஞ்சம்... அதுங்களுக்கு எவ்ளோ வேணுமோ அவ்ளோ."

"இட்லி?"

"இட்லி எப்பவாச்சும்."

"ஓட்ஸ் கஞ்சி?"

"அதை அதுங்களே திங்கல" என்றார் அப்பா, அதில் தனக்கும் மீனுக்கும் ஒரே கருத்து என்பது போல.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. வெயிலைத் திட்டினேன், போர் தண்ணீரைத் திட்டினேன், கடைக்காரனைத் திட்டினேன். பாசிக்கு இவர் தினமும் விருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். தின்றது போக மிச்சம் அடியில் அழுகி உரமாகியிருக்கிறது. மேலே காலை வெயில். ஒரு வயலுக்கு வேறென்ன வேண்டும்? நான் கழுவலை நிறுத்தியதும் பாசி ஏன் வேகமாக வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. ஆனால் அதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். புண் மூடத் தேவையான சதை தொட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"ஏன்பா? உனக்குப் புடிக்கலன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"புடிக்காம இல்லடா. எப்படி முழுங்கறது? நான் தட்டை எடுத்தா எல்லாம் கண்ணாடிகிட்ட வந்து நின்னுக்குது. நான் வாயைத் தொறந்தா அதுங்களும் வாயைத் தொறக்குது. பாத்துக்கினே இருக்குதுங்க. பாத்துக்கினு இருக்கிற உசுருக்குக் குடுக்காம தின்னா வயித்துல தங்குமா? அந்தக் கண்ணு சும்மா விடுமா?"

இப்போது அம்மா வெடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இடுப்பிலிருந்த கையை எடுத்தாள்.

"அதுவும் வாஸ்தவம்தான்" என்றாள்.

"அம்மா!"

"இன்னாடா? வாயில்லாத ஜீவன் எதிர்ல நிக்கிறப்ப எப்படித் தின்றது? நான் மட்டும் தின்னுடுவனா?"

தின்ன மாட்டாள். ஜோலார்பேட்டைக்கு ரயிலில் போகும்போது புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தால், முன்னால் உட்கார்ந்திருக்கிற முகம் தெரியாத ஆளுக்கு ஒரு உருண்டை கொடுத்துவிட்டுத்தான் எனக்கே கொடுப்பாள். அந்த ஆள் வேண்டாம் என்றால் என்னை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிடச் சொல்வாள். கண் பட்டு வயிறு வலிக்கும் என்பது எங்கள் வீட்டில் டாக்டர் சொல்லையும் தாண்டிய சட்டம். ஒரு நிமிஷம் முன்பு வரை எதிரெதிரே நின்ற இரண்டு பேரும் இப்போது ஒரே பக்கம். நான் மட்டும் கையில் அழுகிய முட்டையோடு இந்தப் பக்கம்.

அந்தச் சட்டத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். தொட்டியை எடுத்துவிட்டால் அப்பா டீக்கடைக்குப் போய்விடுவார். வைத்தால் முட்டை தொட்டிக்குப் போய்விடும். கையைக் கழுவிக்கொண்டே யோசித்தேன். சட்டத்தை மாற்ற முடியாது. சரி, மீனின் கண்ணை மறைக்கலாமே?

"பாக்கறதுதானே பிரச்சனை? அதுங்க பாக்கலன்னா தின்னுவியா?"

அப்பா யோசித்தார். ஏமாற்று வேலை இருக்கிறதா என்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாக்கலன்னா தின்னலாம்" என்றார்.

அப்பாவின் பழைய பட்டறை காக்கி பேண்ட் ஒன்று பரணில் இருந்தது. அம்மா அதன் கால்களைப் பிரித்து, இரண்டாக மடித்து, தொட்டிக்கு மேலிருந்து கவிழ்க்கிற மாதிரி ஒரு உறை தைத்தாள்.

"என் பேண்ட்டையா மீனுக்கு மாட்டறீங்க?" என்றார் அப்பா.

"ஓனருக்கு பேண்ட் இல்லாம இருந்தா நல்லா இருக்காது பா" என்றேன்.

உறை நாலு பக்கமும் மூடியது. மீனுக்கு அப்பா தெரியமாட்டார். இன்னொன்றும் நடந்தது: உள்ளே வெயிலும் போகாது. அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. முழு நாளும் இருட்டு வேண்டாம். வெயில் ஜன்னல் கட்டையில் விழுகிற நேரம் மட்டும் மறைத்தால் போதும். காலை டிபனிலிருந்து முட்டை வரைக்கும் உறை கிடக்கட்டும். வெயில் எங்கள் கூரை மேல் ஏறிய பிறகு வருகிற வெறும் வெளிச்சம் செடிக்குத் தாராளம். சாயங்காலம் டீக்கடை கூப்பிடுகிற நேரத்தில் அவர் எதிரே மீன் இருக்கும். அம்மாவிடம் சொன்னேன்: வெயில் கட்டையை விட்டுப் போனால்தான் முட்டையை அடுப்பில் வை. காலித் தட்டைப் பார்த்தால்தான் உறையை எடு.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. "ஜெயில்ல கூட இப்படிக் கெடையாதுடா."

"ஜெயில்ல மீனு இல்ல பா."

முதல் நாள் பாதி முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, "தின்னாச்சு" என்றார். அம்மா அவர் விரலைப் பிரித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகு தட்டோடு கையையும் காட்டவேண்டும் என்று ஆனது. அவர் திட்டிக்கொண்டே தின்றார். ஆனால் தின்றார். உறையைத் தூக்கும்போது மீன்கள் கண்ணாடிக்கு ஓடி வரும்; அவர் வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர் போல அவற்றைப் பார்ப்பார்.

நான் என் பங்கைச் செய்தேன். அடியிலிருந்த அழுகல் முழுவதையும் உறிஞ்சி எடுத்தேன். புதராக அடர்ந்து வேகமாக வளரும் செடி ஒன்றை வாங்கி இன்னொரு மூலையில் நெருக்கமாக நட்டேன். தண்ணீரில் இருக்கிற சத்தைப் பாசிக்கு முன்னால் அது தின்றுவிடட்டும் என்று. தண்ணீரை மொத்தமாக மாற்றாமல், ஞாயிற்றுக்கிழமை கால் பங்கு மட்டும் எடுத்துவிட்டு, பக்கெட்டில் பிடித்து வைத்த தண்ணீரை மெல்ல ஊற்றினேன். மயிர்ப் பாசி பிடித்த இலைகளைக் கிள்ளி எறிந்தேன். மீனுக்குத் தீனி போடுகிற வேலை என்னிடம் வந்தது, காலையில் ஒரே ஒரு சிட்டிகை. கருப்பு மாலிகளுக்கு அது போதவில்லை. சில நாளிலேயே இலை இலையாகப் போய்ப் பாசியைக் கொறிக்க ஆரம்பித்தன.

"பாத்தியா பா, இதுங்க வேலை செய்யற ஜாதி. ஓசி முட்டை போட்டு நீதான் கெடுத்து வெச்சிருந்த."

"பாவம்டா, புல்லு மேயுதுங்க" என்றார் அப்பா.

தண்ணீர் ஒரே நாளில் தெளியவில்லை. பச்சை, இளம் பச்சை, தேயிலைத் தண்ணீர் நிறம் என்று இறங்கி இறங்கி வந்தது. நடுவில் ஒரு வாரம் மறுபடி பச்சை ஏறியது. அம்மா புளி டப்பாவைத் திறந்தாள். நான் டப்பாவைப் பிடுங்கிப் பரண் மேல் வைத்தேன். உறையைக் கூடுதல் நேரம் போட்டேன். செடியை இன்னும் ஒரு கட்டு நட்டேன். விடுவதாக இல்லை. வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் என் மனசு ஜன்னலில்தான் இருந்தது. ஒரு கஸ்டமர் வீட்டில் ஃபில்டரை மாட்டாமலே மூடிவிட்டு வந்து, திரும்பப் போய் மாட்டினேன்.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா கட்டைப் பிரித்துவிட்டுப் புண்ணை டார்ச் அடித்துப் பார்த்தார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நகம் பதிந்தது.

"பிங்க் வந்திருக்கு" என்றார் டாக்டரம்மா. "பாருங்க, அடியிலிருந்து வளர்ந்திருக்கு. என்ன பண்ணீங்க?"

அம்மா வாயைத் திறந்தாள். மீன், பேண்ட், கண்ணு என்று ஆரம்பித்துவிடுவாளோ என்று நான் முந்திக்கொண்டு, "ஒழுங்கா சாப்பிட வெச்சோம் டாக்டர்" என்றேன்.

"இதையே விடாதீங்க. விரலுக்கு இப்போ ஒண்ணும் இல்ல."

விடவில்லை. அதற்குப் பிறகும் பல வாரம் உறை விழுந்தது, எழுந்தது. முட்டை காலியானது. சாயங்காலங்களில் பாய் ஆட்டோவை எங்கள் ஜன்னலோரமே நிறுத்திவிட்டு, கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அப்பாவோடு பேசிவிட்டுப் போக ஆரம்பித்தார். நடுவில் தொட்டி. இரண்டு பேரும் மீனைப் பார்த்துக்கொண்டே அரசியல் பேசுவார்கள்.

புண் மூடியது. மேலே புதுத் தோல் வந்தது. டாக்டரம்மா சர்க்கரைக்காரர்களுக்கென்று செய்கிற மெத்தென்ற செருப்பு ஒன்றை வாங்கச் சொல்லி, தெருமுனை வரை மெதுவாக நடக்கலாம் என்றார்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நான் தொட்டிக்குள் கையை விட்டு, காலாவதியான ஏ.டி.எம். கார்டு ஒன்றால் ஜன்னல் பக்கக் கண்ணாடியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்தில் மட்டும் மெலிசாகப் பச்சைப் பொடி படிந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னல் இருக்கிற வரைக்கும் அது வரும். வருகிற வரைக்கும் நான் சுரண்டுவேன். அப்பா புதுச் செருப்பை மாட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அம்மா பின்னாலேயே போகப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். எனக்கும் போகவேண்டும் போலத்தான் இருந்தது. போகவில்லை.

மேலிருந்து கீழாக ஒரு இழுப்பு இழுத்தேன். கார்டு போன வழியில் கண்ணாடி பளிச்சென்று திறந்தது. அதன் வழியாகத் தெரு தெரிந்தது. முதலில் வாடகைக்காரக் கப்பி குறுக்கே போனது. பிறகு அப்பா வந்தார். இடது காலை மெல்ல வைத்து, நிதானித்து, அடுத்த காலை எடுத்து, செடிகளுக்கு நடுவே நடந்து போனார். நான் அடுத்த இழுப்பு இழுத்தேன், அவர் நடந்த பக்கமாகவே. அதற்கடுத்தது. அவர் நின்றார். திரும்பி ஜன்னலுக்கு அருகே வந்தார். அந்தப் பக்கத்திலிருந்து கண்ணாடியை உற்றுப் பார்த்தார்.

"டேய், கீழ் மூலையில விட்டுட்ட பாரு" என்று விரலால் காட்டிவிட்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார்.